முட்டிவலிக்குக் காந்த மெத்தை: ஹெர்ட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உறவினர் ஒருவர் பி.இ.எம்.எஃப். (விட்டுவிட்டு வரும் மின்காந்தப் புலம்) மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். 7.83 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை துடிப்பு), 100 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமை), 'நாசா ஆராய்ச்சி' என்கிறது துண்டறிக்கை. விலை ஒன்றரை லட்சம். ஓடிவிட்டு வந்து நானும் அதில் படுத்தால் கால்வலி சீக்கிரம் போய்விடுமாம். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அப்பா விஷயம். அம்மாவும் அப்பாவும் படுக்கும் கட்டிலில் இந்த மெத்தை வரவே கூடாது. இதயத்தில் எழும் சின்ன மின்துடிப்பை உணர்ந்துதான், தான் தூண்ட வேண்டுமா சும்மா இருக்க வேண்டுமா என்று பேஸ்மேக்கர் முடிவெடுக்கிறது. பக்கத்தில் விட்டுவிட்டு வரும் காந்தப்புலம் அதன் கம்பியில் மின்னோட்டத்தைக் கிளப்பினால், அதையே இதயத் துடிப்பு என்று எண்ணி அது தூண்டலை நிறுத்திவிடக்கூடும். வாங்குவதாக முடிவு செய்தாலும் மெத்தை தனி அறையில் இருக்கட்டும். மெத்தை ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா அந்த அறைக்குள் வர வேண்டாம். காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி), இன்சுலின் பம்ப், நரம்புத் தூண்டி வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இதே தடைதான்.

இனி மெத்தைக்கு வருவோம். பி.இ.எம்.எஃப். என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேறு வேறு சரக்கு விற்கிறது. ஒன்று, சேராத எலும்பு முறிவுக்குக் கட்டும் கம்பிச் சுருள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாசெட் குழு 1974-இல் இதைப் பற்றி எழுதியது. 1979-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. மருத்துவர் சீட்டோடு, கருவியைப் பொறுத்து நாளுக்கு 3 முதல் 10 மணி நேரம் வரை, மாதக்கணக்கில் கட்ட வேண்டியது. இரண்டாவது, 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைத் துண்டு துண்டாக அனுப்பும் சிறு கருவி. மூன்றாவது, தசையே துள்ளும் அளவுக்குப் பலமான வளையம். நான்காவதுதான் உங்கள் வீட்டுக்கு வந்த மெத்தை. துண்டறிக்கையில் 'எஃப்.டி.ஏ.' என்ற சொல்லைப் பார்த்தால், அது முதல் மூன்றில் ஒன்றின் பெருமையை இரவல் வாங்கியதா என்று பாருங்கள். 'பதிவு' என்பது வேறு, 'ஒப்புதல்' என்பது வேறு. பணம் கட்டிப் பெயரைப் பதிய எந்தச் சோதனையும் தேவையில்லை.

இந்த நான்கையும் பிரிப்பது ஹெர்ட்ஸ் அல்ல. காந்தப்புலம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதுதான். ஃபாரடே 1831-இல் கண்ட விதி அது: புலம் மாறும் வேகத்துக்கு ஏற்பத்தான் திசுவுக்குள் மின்புலம் எழும். எலும்புக் கருவியைப் போல 2 மில்லிடெஸ்லா வரை 200 மைக்ரோ விநாடியில் ஏறினால், மாறும் வேகம் விநாடிக்கு 10 டெஸ்லா. உங்கள் மெத்தையின் 100 மைக்ரோடெஸ்லா 7.83 ஹெர்ட்ஸில் மெதுவான சைன் அலையாக ஏறி இறங்கினால், உச்ச வேகமே விநாடிக்கு 0.005 டெஸ்லாதான். இரண்டாயிரம் மடங்கு குறைவு. அலை சதுர வடிவாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதனால்தான் விற்பவரிடம் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: உச்சத்துக்கு ஏற எத்தனை மைக்ரோ விநாடி? பதில் வராது, அல்லது பேச்சு மறுபடி 'பூமியின் அதிர்வெண்'ணுக்குப் போய்விடும்.

அந்த 7.83 பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்னல்களால் பூமிக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே எழும் ஷூமன் அதிர்வு அது. உண்மைதான். ஆனால் அதன் காந்த வலிமை சுமார் 1 பிக்கோடெஸ்லா. மெத்தை தருவது அதைப்போல் பத்துக் கோடி மடங்கு. 'இயற்கையைப் போலவே' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. நாசா கதையும் இப்படித்தான்: 2003-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை சோதனைக்கூடத்தில் வளர்த்த மனித நரம்புச் செல்களைப் பற்றியது. முட்டிக்கும் மெத்தைக்கும் அதில் இடமில்லை.

அப்படியானால் முட்டிவலிக்குப் பயனே இல்லையா? கொஞ்சம் இருக்கலாம். 2013-இல் வந்த காக்ரேன் மறுஆய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பு காக்ரேன்), மின்காந்தப் புலச் சிகிச்சை பற்றிய 9 ஆய்வுகளை, மொத்தம் 636 பேரை, சேர்த்துப் பார்த்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட, 100 புள்ளி அளவுகோலில் வலி சுமார் 15 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நடப்பது, எழுவது போன்ற செயல்திறனில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. அந்த ஆய்வுகளில் இருந்த கருவியும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்று என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஓடிய பிறகு வரும் தசைவலிக்குச் சான்று இதைவிட மெலிது. தூக்கத்தையும் சாப்பாட்டையும் சரிசெய்தாலே போதும்.

வைக்கும் விதத்திலேயே பாதிப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். மெத்தைக்குள் இருக்கும் சுருள் 10 செ.மீ. விட்டம் என்று வையுங்கள். அதன் நடுவிலிருந்து 5 செ.மீ. மேலே புலம் 35 சதவீதம், 10 செ.மீ. மேலே வெறும் 9 சதவீதம். இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில் இதைச் செருகிவிட்டால் அம்மாவுக்குப் போய்ச் சேர்வது ஒன்றுமில்லை. முட்டி நேராகச் சுருளின் மேல், நடுவில் ஒரு துணி மட்டும். இரும்புக் கட்டில், ஸ்பிரிங் மெத்தை வேண்டாம். புலம் திசை மாறும், கட்டிலும் ரீங்காரமிடும். தரையில் பாய் விரித்து அதன் மேல் போடுங்கள்.

எல்லாச் சுருளும் வேலை செய்கிறதா என்று பார்க்க, சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றை நூலில் கட்டி மெத்தையின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். உயிருள்ள சுருளின் மேல் காந்தம் நடுங்கும், செத்ததன் மேல் சும்மா தொங்கும். பெட்டியில் அடைக்க மடித்து மடித்து, மடிப்பிலேயே கம்பி அறுந்துபோவதுதான் இந்த மெத்தைகளுக்கு வரும் வழக்கமான கேடு. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஹியரிங் எய்ட், சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், ஏ.டி.எம். அட்டை பக்கத்தில் வேண்டாம்.

இன்னொன்று: சூடு. இப்படிப்பட்ட பல மெத்தைகளில் வெப்பப் பட்டையும் சேர்ந்தே இருக்கும். அரை மணி நேரம் வெதுவெதுப்பில் படுத்தால் வலி தணியாமல் என்ன செய்யும்? அது ஒத்தடம். சில நூறு ரூபாய் வெந்நீர்ப் பையும் அதைத்தான் செய்கிறது. சோதிக்கும்போது சூட்டை அணைத்துவிடுங்கள்.

காகிதம்: இந்தியாவில் மருத்துவக் கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள். வகை ஏ, பி கருவிகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி-க்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம் (கிருமி நீக்கம் தேவைப்படாத, எதையும் அளக்காத ஏ வகைக் கருவிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). இறக்குமதி என்றால் எம்.டி.-15, உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் எம்.டி.-5 அல்லது எம்.டி.-9 உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். 'இது வெல்னஸ் பொருள், உரிமம் வேண்டாம்' என்றால், நோயைத் தீர்க்கும் என்ற பேச்சும் கூடாது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவை தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

இதற்குப் பிறகும் ஆசை இருந்தால், 60 நாளில் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு சோதியுங்கள். இந்த வலிமையில் உடம்புக்கு எதுவும் தெரியாது. அது சோதனைக்கு வசதி. எட்டுச் சீட்டு எடுத்து நாலில் 'ஓடும்', நாலில் 'ஓடாது' என்று எழுதிக் கிண்ணத்தில் போடுங்கள். வாரம் ஒரு சீட்டு, நீங்கள் மட்டும் பாருங்கள். கண்ட்ரோல் பெட்டியைத் துணியால் மூடி, பீப் சத்தத்தையும் நிறுத்துங்கள். அம்மா தினமும் அதே அரை மணி நேரம் படுக்கட்டும். இரவு வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி என்பதையும் குறியுங்கள். முந்தைய வாரத்தின் மிச்சம் கலக்காமல் இருக்க, ஒவ்வொரு வாரத்திலும் கடைசி மூன்று நாள் கணக்கை மட்டும் எடுங்கள். மாத்திரையையும், காலை நீட்டித் தூக்கிப் பிடிக்கும் தொடைப் பயிற்சியையும் டாக்டர் சொன்ன அளவிலேயே எட்டு வாரமும் மாற்றாமல் தொடர வேண்டும்.

'ஓடும்' வாரங்களின் வலிச் சராசரி 'ஓடாது' வாரங்களின் சராசரியைவிட 2 புள்ளிகூடக் குறையவில்லையென்றால் மெத்தையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள். கம்பி அறுந்திருக்கிறது என்று பணத்தைப் பிடிக்க இடம் கொடுக்காதீர்கள்.