கேட்டவையும் பதில்களும்: சுருக்கிய ஃபைலை வேறு ஃபோல்டரில் பிரிப்பது

(கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘பெரிய’ என்று குறிப்பிடாத எழுத்தெல்லாம் சின்ன எழுத்துதான்.)

கேள்வி: லினக்ஸில் டார் ஃபைலை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) டார் கட்டளையால் பிரித்தால், நான் நிற்கிற ஃபோல்டரிலேயே எல்லாம் வந்து விழுகிறது. போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரின் பெயரைக் கட்டளையின் கடைசியில் சேர்த்தேன். ‘ஆர்கைவில் அப்படி எதுவும் இல்லை’ என்று பிழை வருகிறது. ஏன்?

பதில்: ஆர்கைவ் என்பது நீங்கள் பிரிக்கும் அந்தக் கட்டு ஃபைல். அதன் பெயருக்குப் பிறகு வரும் வெறும் பெயரை டார் இடமாக நினைப்பதில்லை. ‘உள்ளே இருப்பவற்றில் இதை மட்டும் எடு’ என்று புரிந்துகொள்கிறது. அதனால்தான் அந்தப் பெயரை ஆர்கைவுக்குள் தேடிவிட்டு, இல்லை என்கிறது. இடத்தைச் சொல்வதற்குத் தனி ஆப்ஷன் உண்டு. அது பெரிய சி.

முதலில்: எம்கேடிஐஆர் -பி /டேட்டா/புதுசு (இது ஃபோல்டரை உருவாக்கும் கட்டளை; இதில் டி, டைரக்டரி என்பதன் முதல் எழுத்து, பி, பேப்பர் என்பதன் முதல் எழுத்து)
பிறகு: டார் -எக்ஸ்எஃப் பேக்கப்.டார்.ஜிஇசட் -சி /டேட்டா/புதுசு (இந்த சி பெரியது)

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். பெரிய சி கொடுத்தாலும் டார் அந்த ஃபோல்டரைத் தானாக உருவாக்காது; ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று நின்றுவிடும். எம்கேடிஐஆருடன் -பி சேர்த்தால் நடுவில் இல்லாத அடுக்குகளும் உருவாகும், ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தாலும் பிழை வராது. சின்ன சி அடித்துவிடாமல் கவனியுங்கள். அது புதிய ஆர்கைவை உருவாக்கும் ஆப்ஷன், அதோடு பிரிக்கச் சொல்லும் எக்ஸும் சேர்ந்தால் டார் மறுத்துவிடும்.

இடமும் முக்கியம். ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுப்பதானால் பெரிய சியும் ஃபோல்டரும் முதலில், எடுக்க வேண்டிய ஃபைலின் பெயர் அதற்குப் பிறகு. பெரிய சி தனக்குப் பின்னால் வருவதைத்தான் பாதிக்கும். அந்தப் பெயரும் ஆர்கைவின் பட்டியலில் (டார் --லிஸ்ட் காட்டுவது, கீழே பாருங்கள்) எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். பட்டியலில் முன்னால் புள்ளியும் சாய்கோடும் இருந்தால் நீங்களும் அவற்றோடு அடிக்க வேண்டும். ஆர்கைவின் பெயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதை நீங்கள் நிற்கிற ஃபோல்டரிலிருந்தே டார் தேடும்.

நட்சத்திரக் குறி போட்டு ஒரே கட்டளையில் பல டார் ஃபைல்களைப் பிரிக்க முடியாததற்கும் இதே காரணம்தான். ஷெல் (டெர்மினலில் நீங்கள் அடிப்பதை வாங்கி இயக்கும் நிரல்) அந்தக் குறியை எல்லாப் பெயர்களாகவும் விரித்துக் கொடுக்கிறது. டார் முதல் பெயரை ஆர்கைவாகவும், மற்றவற்றை அதற்குள் தேட வேண்டியவையாகவும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டார் ஓடும்படி ஃபார் லூப் (ஒரே கட்டளையை ஒவ்வொரு பெயருக்கும் திரும்ப ஓட்டும் ஷெல் வரி) எழுதுவதே வழி.

கேள்வி: -எக்ஸ்எஃப்வி என்று கொடுத்தால் ‘வி’ என்ற ஃபைலைக் காணோம் என்கிறது. இசட் போடுவது கட்டாயமா?

பதில்: எஃப் என்ற எழுத்தை அடுத்து ஆர்கைவின் பெயர்தான் வர வேண்டும். நீங்கள் வி போட்டதால் அதையே பெயராக எடுத்துக்கொண்டது. எஃப் எப்போதும் கடைசியில் நிற்கட்டும்: -எக்ஸ்விஎஃப். இசட் கட்டாயமில்லை, க்னூ டார் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் டார்) சுருக்கிய முறையைத் தானே கண்டுகொள்ளும். பைப் வழியாக (வேறொரு கட்டளையின் வெளியீடாக நேரே) வரும் தரவுக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே ஜிஇசட்டுக்கு இசட், பிஇசட்2-க்கு ஜே, எக்ஸ்இசட்டுக்கு பெரிய ஜே என்று நீங்களே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஜிப், செவன்-ஜிப், ரார் ஆகியவற்றுக்கும் பெரிய சி தானா?

பதில்: இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தினுசு, குழப்பம் வருவதே இங்கேதான்.

ஜிப்: அன்ஜிப் படங்கள்.ஜிப் -டி /டேட்டா/படங்கள். இந்த டி, டைரக்டரி என்பதன் முதல் எழுத்து. கடைசி ஃபோல்டர் இல்லையென்றால் அன்ஜிப்பே உருவாக்கும், ஆனால் பல அடுக்குகள் இல்லையென்றால் திணறும். அதனால் இங்கும் எம்கேடிஐஆர் -பி போட்டுவிடுவது நல்லது. பல ஜிப் ஃபைல்களை ஒரே கட்டளையில் பிரிக்க அன்ஜிப் அனுமதிக்கும். நட்சத்திரக் குறியுள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தால் போதும். மேற்கோள் குறியை மறந்தால் ‘ஃபைல்நேம் நாட் மேட்ச்டு’ என்று வரும்.

செவன்-ஜிப்: 7இசட் எக்ஸ் பேக்கப்.7இசட் -ஓ/டேட்டா/புதுசு. ஓவுக்கும் பாதைக்கும் நடுவே இடைவெளி கூடாது. எக்ஸுக்குப் பதிலாக இ என்று கொடுத்தால் உள்ளே இருந்த ஃபோல்டர் அமைப்பு போய், எல்லா ஃபைலும் ஒரே இடத்தில் கொட்டப்படும்.

ரார்: அன்ரார் எக்ஸ் பேக்கப்.ரார் /டேட்டா/புதுசு/. கடைசிச் சாய்கோட்டைக் கண்டுதான் அது ஃபோல்டர் என்று அன்ரார் அறியும்.

செவன்-ஜிப்பில் இன்னொரு ஆபத்து உண்டு. ஹோம் ஃபோல்டரைக் குறிக்க டில்டே (~) குறி போடுவது நம் பழக்கம். பாஷ் ஷெல், அந்தக் குறி ஒரு சொல்லின் தொடக்கத்தில் இருந்தால்தான் அதை ஹோமாக விரிக்கும். -ஓவோடு ஒட்டி வந்தால் விரிக்காது. நீங்கள் நிற்கிற இடத்தில் ~ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகி, ஃபைல்கள் அதற்குள் போய்விடும். அதைக் கண்டதும் ஆர்எம் -ஆர் ~ என்று அடித்து நீக்கப் போகாதீர்கள்! அங்கே டில்டே தனிச் சொல்லாக நிற்பதால் ஷெல் அதை விரித்துவிடும், உங்கள் ஹோம் ஃபோல்டரே அழிந்துபோகும். ./~ என்று முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டே குறிப்பிட வேண்டும். செவன்-ஜிப்புக்கு முழுப் பாதையை எழுதுவதே பாதுகாப்பு. டாரில் பெரிய சிக்குப் பிறகு இடைவெளி விட்டு டில்டே போட்டால் சரியாக வேலை செய்யும். மேற்கோள் குறிக்குள் வைத்தால் செய்யாது.

கேள்வி: சில ஆர்கைவ்கள் நூற்றுக்கணக்கான ஃபைல்களை நேராகக் கொட்டுகின்றன. சிலவற்றில் தேவையில்லாத வெளி ஃபோல்டர் ஒன்று கூடவே வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: பிரிப்பதற்கு முன் உள்ளே பாருங்கள். டாருக்கு: டார் --லிஸ்ட் -எஃப் பேக்கப்.டார்.ஜிஇசட். ஜிப்புக்கு: அன்ஜிப் -எல். எல்லா வரிகளும் ஒரே ஃபோல்டர் பெயரில் தொடங்கினால் கவலையில்லை. இல்லையென்றால் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதற்குள் பிரியுங்கள். ஏற்கெனவே ஃபைல்கள் நிறைந்த இடத்தில் கொட்டிவிட்டால், வந்தது எது, இருந்தது எது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வெளி ஃபோல்டர் வேண்டாமென்றால் டார் கட்டளையில் --ஸ்ட்ரிப்-காம்பொனன்ட்ஸ்=1 சேருங்கள்; பாதையின் முதல் அடுக்கு கழிந்துவிடும். எண்ணை 2 என்று கூட்டும்போது கவனம் தேவை. அத்தனை அடுக்கு இல்லாத ஃபைல்கள், சொல்லாமல் கொள்ளாமல் விடுபட்டுப் போகும்.

கேள்வி: அங்கே அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால்?

பதில்: டார் கேட்காமலேயே மாற்றி எழுதிவிடும். பழையது நிலைக்க வேண்டுமென்றால் க்னூ டாரில் --ஸ்கிப்-ஓல்ட்-ஃபைல்ஸ் சேருங்கள். அன்ஜிப் ஒவ்வொன்றுக்கும் கேட்கும். பெரிய ஏ அழுத்தினால் எல்லாவற்றையும் மாற்றும், பெரிய என் எதையும் மாற்றாது. கேள்வியே வேண்டாமென்றால் -என் (மாற்றாதே) அல்லது -ஓ (மாற்று) கொடுங்கள்.

‘பர்மிஷன் டினைட்’ வந்ததும் சூடோ (கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது) போடுவதில் ஒரு பின்விளைவு உண்டு. ரூட்டாக (நிர்வாகியாக) பிரிக்கும்போது ஆர்கைவில் பதிந்துள்ள உரிமையாளரே ஃபைலுக்கும் உரிமையாளர் ஆகிவிடுவார், பிறகு உங்களாலேயே அதைத் திருத்த முடியாமல் போகலாம். --நோ-சேம்-ஓனர் சேர்த்தால் அது நேராது, ஆனால் ஃபைல்கள் ரூட் பெயரில் இருக்கும். உங்களுக்கு எழுத உரிமையுள்ள ஃபோல்டரில் சூடோ இல்லாமல் பிரிப்பதே நல்லது.

கேள்வி: விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து டார் கூடவே வருகிறது. மேலே சொன்ன பெரிய சி அங்கும் அப்படியே செல்லும். அது பிஎஸ்டி வகை (க்னூ டாரிலிருந்து வேறுபட்ட இன்னொரு டார்) என்பதால் ஜிப் ஃபைலையும் அதே கட்டளையில் பிரிக்கும். லினக்ஸின் க்னூ டாரால் அது முடியாது. பவர்ஷெல்லில் எக்ஸ்பேண்ட்-ஆர்கைவ் என்ற கட்டளையும் உண்டு. -டெஸ்டினேஷன்பாத் என்பதற்குப் பிறகு இடத்தைக் கொடுத்தால் ஃபோல்டரையும் அதுவே உருவாக்கும், ஆனால் அது ஜிப்புக்கு மட்டும்தான்.