காதில் விழுந்த பாம்படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரீதா பிராங்க்ளின் 1967-இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டில் 'டேக் அவுட் டி.சி.பி.' என்று ஒரு வரி வருவதாக எண்ணி இருபது ஆண்டுகள் பாடியிருக்கிறேன். அது 'டேக் கேர், டி.சி.பி.' என்று சென்ற வாரம்தான் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது. கறுப்பின அமெரிக்கர்களின் இந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களைக் கேலி செய்து வேறு வரி போட்டுப் பாடுகிறார்களே, அதுவும் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலரும் அதை உங்களைப் போலத்தான் கேட்டிருக்கிறார்கள். கடைசி எழுத்தையும் தவறாகவே பிடித்திருப்பீர்கள்; நம்மிடம் இருப்பது ஒரே பகரம் என்பதால் அந்தப் பிழையைத் தமிழில் எழுதிக் காட்ட வழியில்லை. 'டேக்கிங் கேர் ஆஃப் பிசினஸ்' என்பதன் சுருக்கம் அது; எடுத்த காரியத்தைக் கச்சிதமாக முடிப்பதற்குக் கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் புழங்கியது.

உங்கள் பிழை யாரையும் புண்படுத்தவில்லை. 'லூயி லூயி' பாட்டைத் தவறாகக் கேட்டவர்கள் போலீசுக்கே போனார்கள். ரிச்சர்ட் பெர்ரி எழுதிப் பாடிய 1957 இசைத்தட்டில் சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன: ஒரு மாலுமி, காதலியைத் தேடிக் கடல் கடக்கப் போவதை மதுக்கடைக்காரரிடம் சொல்கிறான், அவ்வளவுதான். 1963-இல் கிங்ஸ்மென் குழு அதைப் பாடியபோது மைக் தலைக்கு மேலே தொங்கியது, பாடகர் ஜாக் ஈலியின் பல்லில் கம்பி. அண்ணாந்து கத்தியதில் சொற்கள் குழைந்துவிட்டன. அரண்டவன் காதுக்குக் குழறியதெல்லாம் ஆபாசம். ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே புகார் எழுதினார். எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடம் இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழற்றிக் கேட்டது. எதிலும் சொல் பிடிபடவில்லை. குச்சி தவறிய டிரம்ஸ்காரர் உதிர்த்த ஒரு கெட்ட வார்த்தை உண்மையிலேயே அதில் இருப்பதாகக் குழுவினர் பின்னாளில் சொன்னார்கள். அது மட்டும் துப்பறிந்தவர்கள் காதில் விழவில்லை!

புகார்களோடு வந்த 'பாடல் வரிகள்' எஃப்.பி.ஐ.யின் கோப்பிலேயே இருக்கின்றன. பெர்ரியின் சாதுவான மாலுமியை வைத்து இத்தனை பச்சையாக எழுத எந்தக் கேலிப்பாடகனுக்கும் துணிவு வந்திருக்காது. எழுதியவர்களோ ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள்.

கேலிப்பாட்டுக்கு வருகிறேன். 1954-இல் 'ஷ்-பூம்' பாட்டை அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஸ்டான் ஃபிரீபெர்க் கிண்டலடித்தார். பாடுபவர்களிடம் சொல் புரியாதபடி பாடுங்கள் என்று அதட்டுவதுதான் அதன் வேடிக்கை. ஜாஸ் ரசிகர் ஒருவர் படியேறி நின்று கீழே பார்த்துச் சிரிப்பதுபோல எனக்கு அது சற்றுக் கசக்கும். பிளாட்டர்ஸின் 'தி கிரேட் பிரிடெண்டர்' பாட்டை 1956-இல் அவர் கேலி செய்தது வேறு ரகம். அதில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சலித்த பியானோக்காரர் முரண்டு பிடிக்கிறார். மூலத்தை ஊன்றிக் கேட்காதவரால் இதைச் செய்ய முடியாது. உங்களுக்கு உறுத்துவது முதல் ரகம் என்றால் நானும் உங்கள் கட்சி.

தவறாகக் கேட்டதைத் திருத்திக்கொள்ள அவசரப்படாதீர்கள். மெடாலியன்ஸ் குழுவின் வெர்னன் கிரீன், 1954-இல் வந்த ஒரு பாட்டுக்காகத் தாமாகவே 'பப்பெட்யூட்ஸ்' என்றொரு சொல்லைப் படைத்தார். ஸ்டீவ் மில்லர் அதைத் தவறாகக் கேட்டு, 1973-இல் 'தி ஜோக்கர்' பாட்டில் 'பாம்படஸ்' என்று பாடிவைத்தார். அகராதியில் இல்லாத சொல்லைத் தவறாகக் கேட்டதில் அகராதியில் இல்லாத இன்னொரு சொல் பிறந்தது.

முதன்முறை கேட்டபோது, அமெரிக்கருக்கு எப்படிப் பாம்படம் தெரிந்தது என்று வியந்தேன். என் பாட்டி காதில் தொங்கியது.