சூரியனைப் பார்த்து விழுந்த நிழல்

அன்புள்ள சார்,

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் நடந்த படம் பார்க்கும் கூட்டத்துக்கு என் காசிமேடு படத்தைக் கொண்டுவந்திருந்தேன். வலை தைக்கும் பெரியவர். அரை நிமிடம் பார்த்துவிட்டு, “இது காலண்டர் அட்டை” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐடியில் வேலை பார்க்கிறவன், கிடைக்கிற லீவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்த எடிட்டிங்குக்கு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். பிழைப்புக்காகப் படமெடுக்காதவர்களிடம் கொஞ்சம் பதமாகச் சொன்னால் என்ன? எடிட் செய்வதே தப்பா? ஒரிஜினலையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

காலண்டர் என்றது என் தப்பு. சிரிக்கவைத்த வார்த்தை, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நீங்கள் படத்தில் எதையும் திருத்த முடியாது. மன்னித்துவிடுங்கள். சிவகாசிக்காரர்களும் மன்னிக்கட்டும்.

ஆனால் படம் சரியில்லை என்றதை வாபஸ் வாங்க மாட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

பெரியவரின் நிழலைப் பாருங்கள். கடலைப் பார்த்து விழுந்திருக்கிறது. சாயங்காலம் நாலு மணி வெயில் இருக்கும். காசிமேட்டில் கடல் கிழக்கே, வெயில் மேற்கே, அதனால் நிழல் கடல் பக்கம் போகிறது. நீங்களோ வானத்தை மாற்றி, கடலுக்கு மேலே ஒரு ஆரஞ்சுச் சூரியனை வைத்துவிட்டீர்கள். சூரியனைப் பார்த்து நிழல் விழுகிற ஊர் எங்கே இருக்கிறது? பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமல் போகலாம், ஆனால் ஏதோ பொய் என்று கண் சொல்லிவிடும். அவர் தலையைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கோடும் அந்த ஒட்டுவேலையில் வந்ததுதான்.

சுருக்கத்தையெல்லாம் தூக்கிக் காட்டும் அந்த கிளாரிட்டி ஸ்லைடரை எவ்வளவு தள்ளினீர்கள்? ஒரிஜினலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். உங்கள் கையில் எண்பது ஆகிவிட்டார். உழைப்பாளி முகம் என்றால் பனைமரப் பட்டை மாதிரி இருக்க வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். என்னால் விடமுடியாதது அந்த கிராப். ஒரிஜினலில் அவர் கால் இருக்கிறது. வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார், ஊசி வலது கையில், முடிச்சு இரண்டுக்கும் நடுவில். கை, வலை, விரல் என்று ஒரு முக்கோணம். படமே அதுதான். முக்கியமானதை நடுவில் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கில் வை என்கிற விதிக்காக முகத்தை ஓரத்துக்குத் தள்ளப்போய் அந்தக் காலை வெட்டிவிட்டீர்கள். இப்போது அவர் சும்மா வலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடுத்ததும் நீங்கள்தான், கெடுத்ததும் நீங்கள்தான்.

எடிட்டிங் பாவம் என்று நான் சொல்லவே இல்லை. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். காகித நெகட்டிவ். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல ஒளி மீதுதான் மோகம். கட்டடம் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக நிற்கும். மனிதர் நெகட்டிவிலேயே வர்ணம் தொட்டு மேகம் தீட்டினார். ஆக, வானத்தில் கை வைத்த முதல் ஆள் நீங்கள் இல்லை. எதற்காகக் கை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. உங்கள் வானம் வெளிறியிருந்தது, சரி. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த நேரத்து வானம் பெரும்பாலும் அப்படித்தான். நாலு கூடையை அடுக்கி ஏறி நின்று எடுத்திருந்தால் பின்னணியில் வலையும் தரையும் மட்டும் வந்திருக்கும். மூன்று ராத்திரி மிச்சம்.

பதமாகச் சொல்வது பற்றி. இருபத்திரண்டு வயதில் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் என் கான்டாக்ட் ஷீட்டைக் காட்டினேன், ஒரு ரோல் ஃபிலிமின் படங்களெல்லாம் சின்னதாக ஒரே தாளில். முப்பத்தாறு படம். தேறிய படத்தைக் குறிக்கிற சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றிலும் கோடு போடவில்லை. “எல்லாத்துலயும் பத்தடி தள்ளி நின்னிருக்கியே, மனுஷனப் பாத்தா பயமா?” என்றார். மூன்று மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஆனால் அவர் சொன்னது தூரத்தைப் பற்றி, அதை நான் குறைக்க முடிந்தது. நான் உங்களிடம் சொன்ன காலண்டரில் அப்படி ஒன்றுமே இல்லை. அதற்குத்தான் மன்னிப்பு. பதமாகச் சொல்லாததற்கு இல்லை. “அருமை” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் அந்த ஒரிஜினலை எனக்கு அனுப்பியிருப்பீர்களா?

ஒரிஜினலில் வெளிச்சத்தை அரை ஸ்டாப், அதாவது கொஞ்சமே கொஞ்சம், இறக்குங்கள், வலது ஓரத்து நீல டிரம்மை வெட்டுங்கள், போதும். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ஒரு சந்தேகம். அவர் விரலில் மாட்டியிருப்பது வலையின் கண்ணா, ஓரக் கயிறா? எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. அவருக்குப் பிரிண்ட் கொடுக்கப் போகும்போது கேட்டுச் சொல்லுங்கள்.