மின்ட்டா, ஃப்ரீபிஎஸ்டியா?

கேள்வி: எங்கள் மடிக்கணினி 2016இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. அண்ணன் மகன் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான், ஆபீஸ் தோழி லினக்ஸ் என்கிறார். அம்மா யூடியூபில் பாட்டுக் கேட்பார், மகளுக்குத் தாய்மொழிப் பாடத்துக்குத் தமிழ்த் தட்டச்சு வேண்டும். எதைப் போடலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைப் போடுங்கள். அண்ணன் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயங்குதள வழியில் 1993இல் பிறந்த ஃப்ரீபிஎஸ்டி அருமையான அமைப்பு, கருநிரலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடிப்படைக் கருவிகளையும் ஒரே குழு சேர்த்து உருவாக்குவதால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், கையேடும் பிரமாதம். நெட்ஃபிளிக்ஸ் நமக்குப் படம் அனுப்பும் சர்வர்களிலேயே அதுதான் ஓடுகிறது. ஆனால் அதே நெட்ஃபிளிக்ஸை ஃப்ரீபிஎஸ்டி கணினியில் உட்கார்ந்து பார்க்க நிறைய மெனக்கெட வேண்டும். மடிக்கணினி வைஃபை சில்லுகளுக்கும் லினக்ஸில் இருக்கும் அளவு ஆதரவு அதில் கிடையாது. பாட்டுக் கேட்க உட்காரும் அம்மாவுக்கு ஏன் இந்தச் சோதனை? மருமகனுக்கு ஆசையென்றால் பழைய மேசைக் கணினி ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி போட்டு, இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறை உள்ள வட்டில் குடும்பப் படங்களைச் சேமித்துவைக்கட்டும், அந்த வேலைக்கு அது ரொம்பப் பொருத்தம்.

எதையும் அழிக்காமல் முதலில் சோதித்துப் பாருங்கள். 8 ஜிபி தம்ப்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் மின்ட்டை எழுதி, கணினியைத் திறக்கும்போது எஃப்12 அழுத்துங்கள் (சிலவற்றில் எஃப்2 அல்லது எஸ்கேப்). மின்ட் தம்ப்டிரைவிலிருந்தே ஓடும், கொஞ்சம் மெதுவாகத்தான். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு ஸ்பீக்கரில் கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தகராறு செய்வது அந்த மூன்றாவதுதான். தமிழுக்கு ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். அரசாங்கச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் கியூஆர் குறியீடு ஃபயர்ஃபாக்ஸில் வரும், கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் போதும்.

கேள்வி: 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. மின்ட் ஓடுமா?
– வாசகர், பிடோக்

பதில்: ஓடும். மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற இலகுவான பதிப்பை எடுங்கள், உலாவியில் ஒரே நேரத்தில் நிறைய டேப் திறக்காதீர்கள். ரேமைக் கூட்ட முடிகிற மாடல் என்றால் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். அப்புறம், நிறுவும்போது வட்டை அழிக்கவா என்று கேட்கும், அதற்கு முன்பே படங்களை வெளி வன்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.