சாபமும் மெல்ல மலரும் காதலும்

கேள்வி: சாபத்தால் விலங்குருக் கொண்டவனை நாயகி விரும்பும் அமானுஷ்யக் கதைகளில், காதல் ஏன் அத்தனை மெதுவாக நகர்கிறது?

பதில்: அச்சம் ஓர் இரவிலேயே கரைந்துவிட்டால், அதன்பின் வரும் காதலை வாசகர் நம்பமாட்டார். 1756-இல் போமோன் அம்மையார் பிரெஞ்சு மொழியில் சுருக்கி எழுதிய ‘அழகியும் விலங்கும்’ கதையில், மூன்று மாத காலம் இரவுதோறும் உணவு வேளையில் வந்தமர்ந்து, தன்னை மணப்பாயா என்று அவன் கேட்க, அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். ஆயினும், முதலில் அவன் வரவை எண்ணி நடுங்கியவள், நாளடைவில் மணி ஒன்பதாகிவிட்டதா என்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள். என் மனத்தை உருக்கிய இடம் அதுவே. சாபம் நீங்கியபின் தோன்றும் இளவரசனின் அழகு எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அவள் பழகி நேசித்தது அந்த முகத்தை அல்லவே!