தென்னாப்பிரிக்க ஒயின் பண்ணை முறைகள் கம்பத்துப் பந்தலுக்குப் பொருந்துமா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் 3 ஏக்கரில் கல்தூண் பந்தல் அமைத்துப் பன்னீர் திராட்சை சாகுபடி செய்கிறேன். மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்தே செலவு கட்டுப்படியாகவில்லை. தென்னாப்பிரிக்க ஒயின் பண்ணைகளில் வாத்துகளை விட்டுப் பூச்சிகளை ஒழிப்பதாகவும், கொடிகளுக்கிடையே மூடுபயிர் வளர்ப்பதாகவும் ஒரு காணொலியில் பார்த்தேன். நானும் அவ்வாறு செய்யலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஸ்டெல்லன்போஷ் அருகிலுள்ள வெர்கெனூக்ட் பண்ணையாக இருக்கும். அங்கே இந்தியன் ரன்னர் இனத்தைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் கொடி வரிசைகளுக்குள் மேய்ந்து, இளந்தளிரைக் கடிக்கும் நத்தைகளைத் தின்கின்றன. அறுவடைக் காலத்தில் பழத்தையும் அவை விட்டுவைப்பதில்லை என்பதால் அப்போது வெளியே நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பந்தலில் குலைகள் தலைக்கு மேல் தொங்குவதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வாத்து தரையில் மேயும், மாவுப்பூச்சியோ பட்டைக்கு அடியிலும் குலைக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கும். ஆகவே மாவுப்பூச்சிக்காக வாத்து வாங்க வேண்டாம்.

அங்கும் மாவுப்பூச்சி பெரும் பகைதான். இலைச்சுருட்டு நச்சுயிரியை ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குக் கடத்துவது அதுவே. அதற்கு அவர்கள் கையாளும் வழியில்தான் உங்களுக்கு உண்மையான பாடம் இருக்கிறது. மாவுப்பூச்சி சுரக்கும் தேன்கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, தின்ன வரும் பொறிவண்டுகளையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் விரட்டுகின்றன என்பதால், முதலில் எறும்பு கொடியில் ஏறுவதைத் தடுத்துவிட்டு, பிறகே நன்மை செய்யும் பூச்சிகளை விடுகிறார்கள். நீங்களும் கவாத்தின்போது (கிளைகளை வெட்டிச் சீராக்கும்போது) தளர்ந்த பட்டைகளை உரித்து எரித்துவிட்டு, அடிமரத்தில் துணியையோ பாலித்தீன் தாளையோ சுற்றி அதன் மேல் பசையோ கிரீசோ தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது. பந்தல் விவசாயிகள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: அடிமரத்தை அடைத்துவிட்டுக் கல்தூண்களையும் இழுகம்பிகளையும் மறந்துவிடுகிறார்கள், எறும்பு அந்த வழியாக ஏறிக்கொள்கிறது. அவற்றிலும் பசை வளையம் வேண்டும். அதன் பிறகு, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டுகளைக் கொடிக்கு 10 வீதம் மாலை நேரத்தில் விடுங்கள். மருந்தின் வீரியம் இலையில் இருக்கும்போது விட்டால் வண்டுகள் செத்துப்போகும்; எனவே விடுவதற்கு முன் சில வாரங்களும், விட்ட பின்னரும் பூச்சிக்கொல்லியை நிறுத்தியாக வேண்டும்.

மூடுபயிரை அப்படியே பின்பற்றினால் நஷ்டம் வரலாம். அந்த ஒயின் பண்ணைகள் இருக்கும் கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, அப்போது கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. அந்த இடைவெளியில் ஓட்ஸ், டிரிட்டிகேல் (கோதுமை-ரை கலப்புத் தானியம்) போன்றவற்றை வளர்த்து, கொடி துளிர்க்கும் முன் சாய்த்து மண்ணின் மேல் மூடாக்காக விட்டுவிடுகிறார்கள்; களை அடங்குகிறது, கோடையில் ஈரம் நிற்கிறது. கம்பத்துக் கொடிக்கு அப்படி உறக்கமே கிடையாது. நீங்கள் டிசம்பர்-ஜனவரியிலும் மே-ஜூனிலும் கவாத்து செய்து இரண்டு போகம் எடுப்பதால், ஊடுபயிர் எந்நேரமும் கொடியோடு தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டியிடும். டிசம்பர்-ஜனவரி கவாத்து முடிந்து பந்தலில் வெயில் இறங்கும் நாட்களில், வரிசைகளின் நடுவில் மட்டும் சணப்பையோ தட்டைப்பயறையோ விதைத்து, அது பூக்கும் தறுவாயில் வெட்டி அங்கேயே பரப்புவது போதும். ஆழமாக உழுதால் மேல்வேர்கள் அறுபடும். மே-ஜூன் கவாத்துக்குப் பிறகு இதைச் செய்யாதீர்கள்; தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலோடு பந்தலடியில் பயிரின் ஈரமும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய்க்கு நீங்களே வழிவிட்டதாகும். அந்தப் பருவத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கே நல்லது.

கவாத்துக் கழிவைத் துண்டாக்கி வரிசையில் போடும் வழக்கம் அங்கு உண்டு. மாவுப்பூச்சி இருக்கும் வரை உங்கள் தோட்டத்தில் அது கூடாது. அங்கே நீரோடை ஓரங்களில் மண்டி நீரை உறிஞ்சும் ஆஸ்திரேலிய வேல மரங்களையும் வெட்டி நீரை மீட்கிறார்கள். சீமைக்கருவேலத்தோடு போராடும் நமக்கு அது புதிதல்ல, உங்கள் கிணற்றைச் சுற்றி இருந்தால் அகற்றிவிடுங்கள்.

இன்னொன்று: 1998இல் அந்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஒயின் உற்பத்தித் திட்டத்தில் சேர்ந்தவர்கள், எந்த மருந்தை எந்தத் தேதியில் தெளித்தோம் என்பதைப் பதிவு செய்து தணிக்கைக்குக் காட்ட வேண்டும். ஒரு நோட்டில் நீங்களும் அதை எழுதி வையுங்கள். பொறிவண்டு விடும் நாளைக் கணக்கிட அது தேவைப்படும். வரும் டிசம்பர் கவாத்தில் ஒரு ஏக்கரில் மட்டும் பசை வளையத்தையும் பொறிவண்டையும் முயன்று, மற்ற இரண்டு ஏக்கரின் மருந்துச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.