ஒரே நாலெழுத்து, ஆளுக்கொரு ஒலி

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'த்ரூ' என்ற ஆங்கிலச் சொல்லை 'த்ரஃப்' என்று வாசித்தாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. 'டஃப்', 'ரஃப்' சொற்களிலும் அதே ஓ-யு-ஜி-எச் தானே என்று அழுகிறாள். ஒழுங்கே இல்லாத இந்த மொழியைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். தெரிந்த இரண்டு சொல்லை வைத்துத் தெரியாத மூன்றாவதை ஊகித்திருக்கிறாள். அதற்குச் சிரிக்க விட்டது வகுப்பை நடத்தியவரின் தவறு.

ஆனால் 'ஒழுங்கே இல்லாத மொழி' என்ற உங்கள் தீர்ப்பை ஏற்க மாட்டேன். அந்த ஜி-எச் ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களில் தொண்டையை உரசிக்கொண்டு ஓர் ஒலி வரும். மகளையும் இரவையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களில் இன்றும் அதைக் கேட்கலாம். அவற்றின் உறவுகளான ஆங்கில 'டாட்டர்', 'நைட்' இரண்டிலும் எழுத்து மட்டும் மிச்சம். இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு எழுத்தை மெல்ல மெல்ல இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாய் நிற்கவில்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குள் அந்தத் தொண்டை ஒலி சில சொற்களில் 'ஃப்' ஆனது, சிலவற்றில் காணாமலே போனது. கூடவே உயிரொலிகளும் இடம் மாறின. வட்டாரத்துக்கு வட்டாரம் இது வேறுபட, பொது ஆங்கிலம் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துக்கொண்டது. அதனால்தான் இருமல் 'காஃப்', மரக்கிளை 'பவ்', பிசைந்த மாவு 'டோ'.

நாமும் 'வந்தார்கள்' என்று எழுதிவிட்டு 'வந்தாங்க' என்றுதானே பேசுகிறோம்? 'அஃது' என்று எழுதிய ஆய்தத்தைத்தான் இன்று 'ஃபேன்' எழுதவும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதிகம் புழங்காத சொற்களில் இந்த நாலெழுத்து இன்னும் சுவையானது. 'சஃப்' என்றால் சிவந்த அலகும் சிவந்த காலும் கொண்ட, காக்கை இனத்துக் கரும்பறவை. நம் இமயமலையிலும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் அற்றுப்போய், 2001இல் தானாகவே திரும்பி வந்தது. அயர்லாந்தில் ஏரிக்கு 'லாக்' என்று பெயர். ஊர்க்காரர்கள் சொல்லும்போது அந்தப் பழைய தொண்டை ஒலி அப்படியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: எழுத்து மாறாமல் 'ஸ்லஃப்' என்று வாசித்தால் பாம்பு கழற்றிய சட்டை, 'ஸ்லவ்' என்று வாசித்தால் சேற்றுக்குழி. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஊரின் பெயரும் இந்த இரண்டாவதுதான்.

எனவே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். சொல்லைப் பொருளோடு, வாக்கியத்தில், காதால் கேட்டுப் பழகட்டும். எழுதப் பார்வை, சொல்லக் காது. இரண்டும் தனித்தனிப் பயிற்சி. விக்கலுக்கான 'ஹிக்கப்' சொல்லை மட்டும் கடைசியில் யு-பி போட்டே எழுதச் சொல்லுங்கள். அதுதான் பழைய வடிவம். இருமலோடு உறவு இருப்பதாகத் தப்பாக எண்ணிப் பின்னால் வந்தவர்கள் ஓ-யு-ஜி-எச் ஒட்டினார்கள். அந்த ஒரு சொல்லில் உங்கள் புகார் முழுக்க நியாயம்.